திண்ணையில் நிரப்பிய கேள்வித்தாள்

1

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டரை நெருங்கிய மழை. வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணி கரை தெரியாமல் ஓடியது. ஒதியம்பட்டில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். டிசம்பர் 3ஆம் தேதி செல்போனில் ஒரு காட்சி வந்தது. விழுப்புரம் தாண்டித் திருச்சி ரோட்டில், தென்பெண்ணை வெள்ளம் புகுந்த ஊரின் ஜனங்கள் மறியல் செய்கிறார்கள். பார்க்க வந்த அன்றைய வனத்துறை அமைச்சர் பொன்முடி மேல் சேறு வந்து விழுகிறது. அப்புறம் நாலு நாளைக்கு யார் வீசினது, எந்தக் கட்சி என்பதே பேச்சு.

எனக்கு ஊர்ப்பேர்தான் மனசில் நின்றது. இருவேல்பட்டு. பொருளாதாரம் படித்தவர்களுக்கு இந்தப் பேர் தெரியும். 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் தன் மாணவர்களைக் கொண்டு விவரம் சேகரித்த ஊர் இது. அப்போது தொடங்கி 1930களில், 1961இல், 1981இல், 2008இல் என்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய்வந்த ஊர். தொண்ணூறு வருஷமாகக் கேள்வி கேட்கப்பட்டுக்கொண்டே இருந்த ஊர், ஒரு நாள் ரோட்டுக்கு வந்து தானே கேள்வி கேட்டது என்றும் அந்தச் சம்பவத்தைப் பார்க்கலாம்.

இன்னொரு சின்ன விஷயம். பேராசிரியரின் புத்தகத்தில் அந்த ஊர்ப்பேர் 'எருவெள்ளிப்பேட்' என்கிற மாதிரி இங்கிலீஷில் அச்சாகியிருக்கும். எங்கள் ஊரும் இங்கிலீஷில் எழுதினால் 'ஒதியம்பேட்'தான். பட்டு, பேட்டாகிவிடும். காகிதத்தில் ஏறும்போதே ஊர் கொஞ்சம் வேறாகிவிடுகிறது. பேரில் நடப்பது கணக்கிலும் நடக்குமா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. அதற்கு முதலில் பேராசிரியரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2

கில்பர்ட் ஸ்லேட்டர் 1864இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தார். ஆனால் நேராகப் பேராசிரியர் நாற்காலிக்குப் போனவர் இல்லை. தொழிலாளர் இயக்கத்தோடு சேர்ந்து நடந்தவர். லண்டனில் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் நிறைந்த உல்விச் பகுதிக்கு 1905-06இல் மேயராக இருந்தார்.

1907இல் அவருடைய முக்கியமான நூல் வந்தது. இங்கிலாந்து விவசாயிகளும் பொது வயல்களுக்கு வேலி போடப்பட்டதும் பற்றியது. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் அவர் செய்த ஆய்விலிருந்து பிறந்தது. விஷயம் இதுதான்: இங்கிலாந்துக் கிராமங்களில் பெரிய திறந்த வயல்கள் இருந்தன. அதில் ஆளுக்குச் சில கீற்றுகள். அறுவடைக்குப் பிறகு எல்லோருடைய மாடும் மேயலாம். விறகு பொறுக்கவும் ஆடு விடவும் ஊர்ப் பொதுநிலம் இருந்தது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பாராளுமன்றம் ஊருக்கு ஒரு சட்டம் என்று போட்டு இவற்றை வேலிக்குள் அடைத்தது. பெரிய கை வைத்திருந்தவன் பெரிய பண்ணைக்காரன் ஆனான். கீற்று வைத்திருந்தவன் கூலியானான். அந்தச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பட்டியலிட்டு, எந்த ஊரில் என்ன நடந்தது என்று ஸ்லேட்டர் எழுதினார். நிலம் கைமாறுவதைச் சட்டக் காகிதத்தின் வழியாகவும் வயல்வரப்பின் வழியாகவும் சேர்த்துப் படிக்கும் பழக்கம் அவருக்கு அங்கே வந்தது.

1909இல் ஆக்ஸ்போர்டில் உள்ள ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வரானார். அது தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய கல்லூரி. அவர் போய்ச் சேர்ந்த சூழலைக் கவனிக்க வேண்டும். அதே வருஷம் அங்கே மாணவர் வேலைநிறுத்தம் நடந்திருந்தது. மாணவர்களின் ஆதரவு பெற்ற முதல்வர் டென்னிஸ் ஹேர்ட் வெளியேற்றப்பட்டார். மார்க்சியப் பொருளாதாரம் படிக்க வேண்டும் என்ற தொழிலாளர் மாணவர்கள் பிரிந்துபோய் மத்தியத் தொழிலாளர் கல்லூரி என்று தனியாகத் தொடங்கினார்கள். தொழிலாளிக்குப் பல்கலைக்கழகம் தன் அறிவை இறக்கிக் கொடுப்பதா, தொழிலாளி தன் அறிவைத் தானே உண்டாக்கிக்கொள்வதா என்பதுதான் சண்டை. காலியான நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் ஸ்லேட்டர். அவருடைய அனுதாபம் உண்மையானது. ஆனால் அது சீர்திருத்தக்காரரின் அனுதாபம். இந்த இரண்டும் அவரோடு கப்பலேறி மதராசுக்கு வந்தன.

3

1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். 1921 வரை இருந்தார். இங்கே பொருளாதாரம் என்றால் அன்றைக்கு இங்கிலாந்தில் எழுதின புத்தகத்தைப் படித்துப் பரீட்சை எழுதுவதுதான். லங்காஷயர் மில்லைப் பற்றி நாலு பக்கம் எழுதுகிற பையனுக்குத் தன் ஊரில் ஒரு ஏர் மாட்டின் விலை தெரியாது.

ஸ்லேட்டர் செய்தது எளிமையான காரியம். ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். ஊரில் எத்தனை வீடு, எத்தனை சாதி, நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, யார் கையில் எவ்வளவு நிலம், குத்தகை எப்படி, வாரம் எப்படி, கூலி என்ன, கடன் என்ன, வட்டி என்ன, என்ன சாப்பிடுகிறார்கள் என்று நீளும் கேள்விகள். லீவுக்கு ஊருக்குப் போகிற மாணவன் அதைக் கையில் எடுத்துப்போய்த் தன் ஊரைப் பற்றி எழுதி வர வேண்டும். அப்படி வந்தவற்றை அவர் தொகுத்தார். 1918இல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற பொருளில் ஆக்ஸ்போர்டு அச்சகம் அதை வெளியிட்டது. இன்றைய தமிழ்நாட்டில் இருக்கும் ஊர்கள் அதில் ஐந்து: தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, வடார்க்காட்டின் தூசி, தஞ்சையின் பாலக்குறிச்சி, திருநெல்வேலியின் கங்கைகொண்டான், ராமநாதபுரத்தின் வடமலாபுரம். மலையாளப் பகுதி ஊர்களும் உண்டு. அதே சமயத்தில் புனேயில் ஹெரால்ட் மான் ஒரு தக்காணக் கிராமத்தைப் படித்து 1917இல் நூலாக்கினார். இந்தியாவில் கிராமத்தைப் பொருளாதார ஆய்வுப் பொருளாக்கியதில் இந்த இரண்டும் முன்னோடிகள்.

சும்மா சொல்லக் கூடாது, இது பெரிய காரியம். சர்க்கார் கிராமத்தைப் பார்த்தபோது அதற்குத் தெரிந்தது வரி. ஜமாபந்திக் கணக்கில் பட்டாதாரர் இருப்பார். படியாள் இருக்க மாட்டார். ஸ்லேட்டரின் தாளில் கூலிக்கும் கடனுக்கும் சாப்பாட்டுக்கும் இடம் இருந்தது.

ஆனால் அந்தத் தாளை எடுத்துப்போனவர்கள் யார்? 1914ஆம் வருஷக் கணக்குப்படி சென்னைப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருந்த பட்டதாரிகள் 650 பேர். அதில் பார்ப்பனர் 452. பார்ப்பனரல்லாத இந்துக்கள் 124. கிறித்தவர், முஸ்லிம் உள்ளிட்ட மற்றவர்கள் 74. இந்த நிலையை எதிர்த்துத்தான் 1916 டிசம்பரில் பார்ப்பனரல்லாதார் அறிக்கை வந்தது. ஒரே ஊர், ஒரே வருஷம். ஒரு பக்கம் பல்கலைக்கழகம் கிராமத்தைக் கணக்கெடுக்கிறது. இன்னொரு பக்கம் பல்கலைக்கழகத்தையே கணக்கெடுக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. படித்தால் ஒன்று தெரிகிறது. அன்றைக்கு லீவில் ஊருக்குப் போன மாணவன் அநேகமாக நிலம் வைத்திருக்கும் வீட்டுக்குத்தான் போயிருப்பான். தாளை எங்கே உட்கார்ந்து நிரப்பியிருப்பான்? வீட்டுத் திண்ணையில்.

4

திண்ணையைப் பற்றி எனக்குச் சொந்தமாக ஒரு அனுபவம் உண்டு. நான் ஸ்கூல் படிக்கும்போது ஒரு காலேஜ் பையன் படிவக் கட்டோடு எங்கள் பக்கம் வந்தான். நிலக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். ஒவ்வொரு குடும்பமாக அங்கே கூப்பிட்டு அனுப்பினார்கள். எங்கள் தாத்தாவும் ஆயாவும் போனார்கள். நான் வேடிக்கை பார்க்கப் போனேன்.

"தொழில்?" என்றான். தாத்தா, "பயிர் வேலை" என்றார். ஆயாவைக் காட்டி, "இவங்க?" என்றான். தாத்தா, "அது வூட்லதான் கீது" என்றார். ஆயாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "வூட்ல கீறனா? நடவு நடறது யாரு, களை எடுக்கறது யாரு, மாட்டுக்குப் புல்லு அறுத்துக்கினு வரது யாரு?" பையன் சிரித்தான். "அதெல்லாம் சரி ஆயா, தொழில்னு ஒண்ணு சொல்லுங்க." "அப்ப இதுக்கெல்லாம் இன்னா பேரு தம்பி?" அவன் பதில் சொல்லாமல் ஏதோ எழுதினான். எட்டிப் பார்த்தேன். 'வீட்டு வேலை.'

அடுத்த கேள்வி: "கடன் எதனா இருக்குதா?" தாத்தா நிமிர்ந்து நிலக்காரரைப் பார்த்தார். அவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். "ஒண்ணும் இல்ல தம்பி" என்றார் தாத்தா. பையன் ஒரு கோடு போட்டான். அந்த வருஷம் அவருக்கு இருந்த கடன் முழுக்க அந்தத் திண்ணைக்காரரிடம் வாங்கினது.

பையன் பொய் எழுதவில்லை. சொன்னதை எழுதினான். தாத்தாவும் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. கடன் கொடுத்தவன் திண்ணையில் உட்கார்ந்து கடனைப் பற்றிக் கேட்டால் இந்தப் பதில்தான் வரும். இப்படி நூறு கோடுகளைக் கூட்டினால் கடனில்லாத ஒரு ஊர் கிடைக்கும். அதற்கு ஒரு அட்டவணை எண்ணும் கிடைக்கும்.

1916க்கு வருவோம். இருவேல்பட்டு ஒரு ரெட்டியார் நிலக்கிழார் குடும்பத்தின் ஆதிக்கத்தில் இருந்த ஊர். வன்னியர்களும் மற்றவர்களும் ஊரில். தலித்துகள் தனியாகச் சேரியில். சேரியிலிருந்து ஒருவர் அந்தத் தெருவுக்குள் வந்து, திண்ணைக்குச் சமமாக நின்று, தன் கடனையும் கூலியையும் சொல்லியிருக்க முடியுமா? இருந்தும் அந்த அறிக்கை படியாளைப் பற்றி எழுதியிருக்கிறது. கல்யாணச் செலவுக்கு நிலக்காரரிடம் கடன் வாங்குகிறவன் அதற்கு ஈடாகத் தன் உழைப்பை எழுதிக் கொடுக்கிறான், கடன் தீர்வதில்லை, அது பிள்ளைக்கு இறங்குகிறது, அடிமை மாதிரியான நிலை என்கிற அளவுக்குச் சொல்கிறது. திண்ணையிலிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவுக்கு வெளிப்படையாக இருந்தது அந்தக் கட்டு. தெரியாமல் போனது, அந்தக் கட்டுக்குள் இருந்தவன் அதை என்னவென்று நினைத்தான் என்பது. படியாள் அங்கே விவரமாக இருக்கிறான். விவரம் சொல்கிறவனாக இல்லை.

5

இங்கே நிறுத்திவிட்டால் இது வழக்கமான குற்றப்பத்திரிகையாகிவிடும். வெள்ளைக்காரப் பேராசிரியர், மேல்சாதி மாணவர், அதிகாரத்தின் கண் என்று எழுதி முடித்துவிடலாம். தொண்ணூறுகளிலிருந்து நமது பத்திரிகைகளில் நாம் இப்படி நிறைய எழுதிவிட்டோம். அந்தக் கேள்வித்தாளுக்கு அப்புறம் நடந்ததையும் பார்க்க வேண்டும்.

ஸ்லேட்டர் ஊர் திரும்பினார். 1924இல் இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறு என்பதைப் பற்றி ஒரு நூலும், 1936இல் தென்னிந்தியாவின் அரசியல் பொருளாதாரப் பிரச்சினைகள் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். 1938இல் இறந்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய ஊர்களுக்கு அடுத்த தலைமுறை போய்விட்டது. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1936-37இல் மறு ஆய்வு நடத்தி 1940இல் வெளியிட்டார்கள். உலகப் பெருமந்தம் வந்து நெல், மணிலாக்கொட்டை விலையெல்லாம் சரிந்திருந்த காலம். கடன் ரூபாயில் அப்படியே நிற்கும்; அதை அடைக்க விற்க வேண்டிய மூட்டை இரண்டு பங்காகும். 1916இன் கணக்கு இருந்ததால்தான் அந்தச் சரிவை ஊர் அளவில் வைத்துப் பார்க்க முடிந்தது.

1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1981இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகனும் மானுடவியலாளர் ஜோன் மென்சரும் இருவேல்பட்டுக்குப் போய், 1983இல் எழுதினார்கள். குகன் அரசின் நிதித்துறைச் செயலாளராக இருந்து ஆய்வுக்கு வந்தவர்; கோப்பில் ஊர் எப்படி இருக்கும், நேரில் எப்படி இருக்கும் என்று இரண்டும் தெரிந்தவர். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் மறுபடி போய், 2010இல் ஒரு நூற்றாண்டுக் கதையாகவே எழுதினார்கள்: நிலம், உழைப்பு, சாதி அரசியல். நில உடைமையில் சமத்துவம் வந்துவிடவில்லை. ஆனால் நிலக்கிழார் குடும்பத்தின் பழைய பிடி தளர்ந்துவிட்டது. தலித்துகள் பெரும்பாலும் நிலமில்லாதவர்களாகவே இருந்தும், நிலக்காரரை நம்பித்தான் உலை வைக்க வேண்டும் என்கிற நிலை போய்விட்டது. வெளி வேலை, ரேஷன் அரிசி, அரசுத் திட்டங்கள், ஓட்டு அரசியல் எல்லாம் சேர்ந்து அதைச் செய்தன.

இது யோசிக்க வேண்டிய விஷயம். உழுதவனுக்கு நிலம் கிடைத்தால்தான் விடுதலை என்று நாம் சொல்லி வந்தோம். நிலம் கிடைக்காமலேயே கட்டு தளர்ந்திருக்கிறது. அப்படியானால் நிலக் கேள்வி தீர்ந்துவிட்டதா? இல்லை. படியாள் முறை போனது நிலச் சீர்திருத்தத்தால்தான் என்று மேடையில் சொல்வதும், எதுவுமே மாறவில்லை என்று துண்டறிக்கையில் எழுதுவதும் இரண்டும் தப்பு என்று சொல்ல நமக்கு ஒரு ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரத்தின் முதல் பக்கம் 1916இல் ஒரு மாணவன் எழுதினது.

பாலக்குறிச்சியையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அது கீழ்வெண்மணிக்குப் பக்கத்து ஊர். 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 தலித்துகளை ஒரே குடிசையில் வைத்து எரித்த வெண்மணி. கூலி உயர்வு கேட்டதும் சங்கம் வைத்ததும் அவர்கள் செய்த குற்றம். ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே அந்த வட்டாரத்தின் நிலமும் கூலியும் காகிதத்தில் ஏறியிருந்தன. காகிதத்தில் ஏறியதால் யாரும் காப்பாற்றப்படவில்லை. விவரம் தெரிந்திருப்பதற்கும் விவரம் தெரிந்தவர்கள் பக்கத்தில் வந்து நிற்பதற்கும் நடுவில் உள்ள தூரம் அவ்வளவு.

6

எங்கள் ஒதியம்பட்டுக்கு ஸ்லேட்டரின் தாள் வரவில்லை. வர முடியாது. அன்றைக்கு வில்லியனூர் கொம்யூன் பிரெஞ்சுக்காரனுடையது. 1880இலேயே இங்கே கொம்யூன்களும் நகரசபைகளும் வந்துவிட்டன. தேர்தல் இருந்தது. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எல்லை தென்னார்க்காட்டோடு நின்றது. மணிலாக்கொட்டைக்கு அந்த எல்லை இல்லை. தென்னார்க்காட்டுக் கொட்டை புதுச்சேரித் துறைமுகத்தின் வழியாக மார்செய்க்குக் கப்பலேறியது. எல்லைக்கு அந்தப் பக்கம் விளைந்தவனைப் பற்றிப் பல்கலைக்கழகம் எழுதியது. இந்தப் பக்கம் விளைந்தவனைப் பற்றி அப்படி ஒரு கணக்கு இல்லை.

கேட்கப்படாமல் இருப்பது எங்களுக்குப் பழக்கம்தான். 1954 அக்டோபர் 18ஆம் தேதி எங்கள் பக்கத்துக் கீழூரில் இணைப்புக்கு வாக்கெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர்: சட்டசபை, நகரசபைப் பிரதிநிதிகள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நல்ல முடிவுதான். ஆனால் கீழூர் வயலில் அன்றைக்கு வேலை செய்துகொண்டிருந்தவர்களிடம் யாரும் சீட்டு நீட்டவில்லை. நவம்பர் 1இல் கொடி மாறியது. 1985இல் புதுச்சேரிக்கும் ஒரு பல்கலைக்கழகம் காலாப்பட்டில் வந்தது.

இந்தப் பக்கம் வேறு மாதிரியான ஒரு காரியம் நடந்திருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே ஒரு கிராமத்தில் வீரம்மா என்ற பறையர் சமூகத்துப் பெண். ரெட்டியார் நிலத்தில் வேலை செய்த விவசாயக் கூலி. பாட்டுகளைத் தேடிப்போன ஜோசியான் ரசீன் அவரோடு பத்து வருஷம் போலப் பேசிக்கொண்டிருந்தார். வீரம்மா தன் வாழ்க்கையையே சொல்லிவிட்டார். 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் இங்கிலீஷிலும் நூலாக வந்தது. இருவேல்பட்டு அறிக்கையில் படியாள் என்று ஒரு வரி இருக்கிறதே, அந்த வரிக்குள்ளிருந்து ஒருவர் வாயைத் திறந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது அது. கல்யாணம், பிள்ளைப்பேறு, சாவு, பேய், பசி, சிரிப்பு எல்லாம் வருகிறது. நமக்குச் சங்கடமானதும் வருகிறது: ரெட்டியார் மேல் விசுவாசம், இப்படித்தான் உலகம் என்கிற ஒப்புதல். அவருடைய மகன் தலைமுறை கட்சி பேசுகிறது, உரிமை பேசுகிறது, வீரம்மா தயங்குகிறார். ஸ்லேட்டரின் தாளில் இதற்கு இடம் கிடையாது. அதே சமயம் வீரம்மாவின் கதையை வைத்து அந்த ஊரில் எத்தனை ஏக்கர் யாரிடம் இருந்தது என்று சொல்ல முடியாது. அங்கேயும் எழுதுகோல் வீரம்மா கையில் இல்லை என்பதும் நிஜம்.

எனவே ஒன்றை வைத்து இன்னொன்றைத் தள்ளிவிட முடியாது. நமக்கு இரண்டும் வேண்டும். எண்ணும் வேண்டும், சொல்லும் வேண்டும்.

7

வெள்ளத்துக்குத் திரும்பி வருகிறேன். புயலுக்குப் பிறகு தமிழ்நாட்டில் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2000 ரூபாய் என்றார்கள். புதுச்சேரியில் ரேஷன் கார்டுக்கு 5000 ரூபாய் என்றார்கள். ஒரே மழை. அன்றைக்குப் பிரெஞ்சுக்காரன் போட்ட எல்லை இன்றைக்கு 3000 ரூபாய் வித்தியாசமாக நிற்கிறது. பயிர் நிவாரணம் என்று வரும்போது இன்னொரு எல்லை தெரியும். பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர் விவசாயி. வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்து நட்டவனுக்குக் காட்டக் காகிதம் இல்லை. நடவு நட்ட பொம்பளைக்கு இழப்பு என்று ஒன்று இருப்பதாகவே படிவத்துக்குத் தெரியாது. எங்கள் ஆயாவிடம் அந்தப் பையன் கேட்ட கேள்வி இன்னும் மாறவில்லை.

வில்லியனூரைச் சுற்றி நிலம் வேகமாக மனையாகிக்கொண்டிருக்கிறது. நடவு நட்ட இடத்தில் கலர் அடித்த கல் நிற்கிறது. வாய்க்கால் எங்கே இருந்தது என்று மழை வந்தால்தான் தெரிகிறது. ஆடு மேய்த்த புறம்போக்கு எங்கே போனது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். இங்கிலாந்துப் பொது வயல்களுக்கு வேலி போட்டபோது யார் யாருக்கு என்ன போச்சு என்று சட்டம் சட்டமாகத் தேடி எழுதிய மனுஷன்தான் இங்கே வந்து கேள்வித்தாள் தயாரித்தார். அந்த முதல் புத்தகத்தின் கேள்வி இன்றைக்கு நம்ம ஊருக்கு அப்படியே பொருந்துகிறது. அதைக் கேட்க மறுபடி ஒரு பேராசிரியர் கப்பலில் வர வேண்டியதில்லை.

இதைப் படிக்கிற தோழர்களிடம் கேட்பது இவ்வளவுதான். அவரவர் ஊருக்கு ஒரு தாள் தயாரிப்போம். 1916இன் கேள்விகள் இருக்கட்டும், நல்ல கேள்விகள்தான். கூட இவற்றையும் சேர்ப்போம். இந்த மனை இருபது வருஷத்துக்கு முன்னால் என்ன பயிர், யார் நட்டது? அதில் வேலை செய்தவர்கள் இன்றைக்கு எங்கே வேலைக்குப் போகிறார்கள்? மேய்ச்சல், குளம், வாய்க்கால், சுடுகாட்டுப் பாதை இவற்றில் எது போச்சு, எந்த வருஷம்? வீட்டில் ஒவ்வொரு பெண்ணும் காலை முதல் ராத்திரி வரை என்ன செய்கிறார்? கடன் யாரிடம்: நிலக்காரரிடமா, சுயஉதவிக் குழுவிலா, வாராவாரம் வீட்டு வாசலுக்கு வருகிற பைனான்ஸ்காரனிடமா?

மூன்று விஷயங்களை மட்டும் மாற்ற வேண்டும். ஒன்று, காலனியிலிருந்து தொடங்க வேண்டும். ஊர்த்தெருவுக்கு அப்புறம் வரலாம். இரண்டு, கடன் கொடுத்தவர், வேலை கொடுத்தவர், கட்சிக்காரர் யாரும் பக்கத்தில் இல்லாத இடத்தில் கேட்க வேண்டும். பெண்களிடம் பெண்கள், அவர்கள் வீட்டிலேயே. மூன்று, எழுதி முடித்ததை அதே ஊரில் தமிழில் உரக்க வாசிக்க வேண்டும். ஆட்களின் பேர் வாசிப்பில் வரக் கூடாது, கணக்கு வரலாம். தப்பு என்று சொல்கிறவர் சொல்லட்டும். திருத்தி, மறுபடி வாசிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் கஷ்டம். இருவேல்பட்டைப் பற்றி இத்தனை பேராசிரியர்கள் எழுதியதெல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது. அவற்றால் அவர்கள் ஆய்வு வளர்ந்தது, நமக்கும் அறிவு கிடைத்தது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் 2024 டிசம்பரில் ரோட்டில் உட்கார்ந்த ஜனங்களின் கையில் அந்தக் கணக்கு இருந்திருந்தால், தங்கள் தாத்தா எழுதிக் கொடுத்த கடனில் தொடங்கித் தங்கள் வீட்டில் நின்ற தண்ணீர் வரை ஒரு நூறு வருஷத்து விவரத்தை வரிசையாகச் சொல்லியிருப்பார்கள்.

வரும் தையில் ஒதியம்பட்டில் தொடங்குவதாக நாங்கள் நாலு பேர் பேசி வைத்திருக்கிறோம். முதல் கேள்வியை ஆயாவின் கேள்வியாகவே வைத்திருக்கிறோம்: நீங்க செய்யற வேலைக்கு இன்னா பேரு?